சோர்ஸ் மாற்றினால் டிவி கருப்பாகிறது: கல்யாண மண்டபம், கடலூர்

மஞ்சக்குப்பம்_வீடியோ:
வணக்கம். கடலூரில் ஒரு மண்டபத்துக்கு வீடியோ வேலை பார்க்கிறேன். மேடை ஓரம் எல்இடி வால், மாடி ஹாலிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் டிவிகள். இரண்டு கேமரா, ஒரு லேப்டாப், மூன்றுக்கும் ஹெச்.264 என்கோடர் (வீடியோவைச் சுருக்கி நெட்வொர்க்கில் அனுப்பும் பெட்டி). ஒவ்வொரு டிவிக்குப் பின்னாலும் அதைத் திரும்பப் படமாக்கும் டிகோடர். நடுவில் 1 ஜிகாபிட் மேனேஜ்டு ஸ்விட்ச், ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேட்ட டிகோடருக்கு மட்டும் ஸ்ட்ரீமை அனுப்பும் வசதி) ஆன்.

லேப்டாப்பில் மாப்பிள்ளை பொண்ணு போட்டோ ஓடும். முகூர்த்த நேரத்தில் கேமராவுக்கு மாற்றினால் நாலைந்து விநாடி டிவி கருப்பு. கெட்டிமேளம் காதில் கேட்கிறது, படம் வருவதற்குள் முதல் முடிச்சு விழுந்துவிடுகிறது. போன கல்யாணத்தில் பெண்ணுக்கு மாமா ஒருவர் பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வந்து சத்தம் போட்டார். சாமான் கொடுத்தவர் 10 ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கச் சொல்கிறார். ஒரு ஸ்ட்ரீம் 12 எம்பிபிஎஸ்தான். உண்மையிலேயே தேவையா?

திருப்பாப்புலியூர்_கேபிள்:
ஸ்விட்சில் ஃபாஸ்ட் லீவ் (வேண்டாம் என்றதும் ஸ்ட்ரீமை உடனே நிறுத்துவது) ஆன் செய்யுங்கள் தம்பி. இல்லையென்றால் டிகோடர் பழைய ஸ்ட்ரீம் வேண்டாம் என்று சொன்ன பிறகும், வேறு யாருக்காவது வேண்டுமா என்று ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ஸ்விட்ச் அதை நிறுத்தும். 2 விநாடி அங்கேயே போச்சு.

லாஸ்பேட்டை_ஏவி:
அண்ணன் கணக்கு சரி, ஆனால் இங்கே அது உதவாது. பழையதும் புதியதும் சேர்ந்து வந்தாலும் 24 எம்பிபிஎஸ். 1000 கொள்ளும் போர்ட்டுக்கு அது ஒரு சுமையா? ஒரு ஸ்ட்ரீமே 800, 900 எடுக்கும் பெட்டிகளில்தான் இரண்டும் முட்டிக்கொண்டு படம் சிதறும். அங்கே ஃபாஸ்ட் லீவ் கட்டாயம். (இன்னொரு ஸ்விட்சுக்குப் போகிற போர்ட்டில் மட்டும் வேண்டாம். அந்தப் பக்கம் ஒரு டிவி விலகினால் மற்ற டிவிகளும் அணையும்.) 10 ஜிகாபிட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

முதலில் கேமராவிலிருந்து கேமராவுக்கு மாற்றிப் பாருங்கள். அது சீக்கிரம் மாறி, லேப்டாப் வரும்போது மட்டும் இழுத்தால் நேரத்தைத் தின்பது நெட்வொர்க் அல்ல, டிவி. நம்மூர்க் கேமரா பெரும்பாலும் விநாடிக்கு 50 ஃப்ரேம், லேப்டாப் 60. டிகோடர் வந்ததை வந்தபடியே கொடுத்தால், ஹெச்டிஎம்ஐ சிக்னல் மாறும்போதெல்லாம் டிவி திரும்ப முதலிலிருந்து தொடங்கும். ஹெச்டிசிபி (காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு) இருந்தால் அந்தச் சரிபார்ப்பும் மறுபடி நடக்கும். டிகோடர் அவுட்புட் ‘ஆட்டோ’வில் இருக்கும், அதை 1080பி 50 என்று நிலையாக வைத்துவிடுங்கள். 60 வைத்தாலும் கருப்பு போகும், ஆனால் கேமரா அசையும்போது படம் லேசாகத் துள்ளும். கல்யாணத்தில் கேமராதானே முக்கியம்.

அப்புறம் என்கோடரில் ஐ-ஃப்ரேம் (மற்ற ஃப்ரேம்களின் துணையில்லாமல் தனியே முழுப் படம் தரும் ஃப்ரேம்) இடைவெளி. நடுவில் நுழைகிற டிகோடர் அடுத்த ஐ-ஃப்ரேம் வரும்வரை எதையும் காட்ட முடியாது. விநாடிக்கு 50 ஃப்ரேம், இடைவெளி 100 என்றால் 2 விநாடி வரை காத்திருக்கும். 25 வையுங்கள், அரை விநாடிக்கு மேல் போகாது. கூடவே பிட்ரேட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பட்டுப்புடவை ஜரிகையெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

மஞ்சக்குப்பம்_வீடியோ:
ரொம்ப நன்றி அண்ணா. கேமராவுக்குக் கேமரா ஒன்றிரண்டு விநாடிதான், லேப்டாப் வந்தால்தான் ஐந்து. அவுட்புட்டை 50-ல் நிறுத்தியதும் ‘நோ சிக்னல்’ வருவதே இல்லை. இடைவெளியையும் 25 ஆக்கினேன், பழைய படம் ஒரு கணம் உறைந்து புதியது வந்துவிடுகிறது. ஸ்விட்ச் வாங்கவில்லை என்று சொல்லிவிட்டேன், அவருக்கு வருத்தம்தான்.

இன்னொரு தொல்லை. சில நேரம் நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடி, எல்லா டிவியும் ஒன்றாக நின்றுவிடுகிறது.

லாஸ்பேட்டை_ஏவி:
அது குவெரியர் இல்லாத கோளாறு. யாருக்கு இன்னும் வேண்டும் என்று கேட்க ஆள் இல்லாததால் 260 விநாடியில் ஸ்விட்சின் பட்டியலிலிருந்து டிகோடர்களின் பெயர் நீங்கிவிடும். ஸ்விட்ச் மெனுவில் ஐஜிஎம்பி குவெரியரை ஆன் செய்து, அதற்கு ஒரு ஐபி முகவரியும் கொடுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னால் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.