வெளிச்சத்தைக் கூட்டினால் கண் தெரிகிறது. சத்தத்தைக் கூட்டினால் காதுக்கு ஏன் விளங்குவதில்லை?

கேள்வி
வளவுவீட்டுப் பேரன், தேவகோட்டை

எங்கள் அப்பத்தாவுக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. இங்கே எங்கள் பழைய வீட்டில்தான் இருக்கிறார். நண்பகலில் வாசல் திண்ணையிலிருந்து எழுந்து, முகப்பைக் கடந்து, முற்றத்தைச் சுற்றியுள்ள வளவை ஒட்டிய உள்ளறைக்குள் நுழைந்தால், ஒன்றும் தெரியவில்லை என்று நிலையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்கிறார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சற்று நேரத்தில் சரியாகிவிடுகிறது. அறையில் இன்னொரு எல்.இ.டி. விளக்கு மாட்டிய பிறகு அவருக்கு ஓரளவு தெரிகிறது.

காது விஷயம் வேறாக இருக்கிறது. வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் எவர்சில்வர் தட்டு விழுந்தால் முகப்பில் இருந்தபடியே "என்ன விழுந்தது?" என்று கேட்கிறார். ஆனால் விசேஷ நாளில் பத்துப் பேர் கூடிப் பேசும்போது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதே பிடிபடவில்லை என்கிறார். குரலை உயர்த்தினால், "காது கேட்குதப்பா, ஏன் இப்படிக் கத்துற?" என்று கோபித்துக்கொள்கிறார். கண்ணுக்கு வெளிச்சத்தைக் கூட்டுவது உதவுமென்றால், காதுக்குச் சத்தத்தைக் கூட்டுவது ஏன் உதவவில்லை? இன்னொன்று: கண்ணாடி போட்டால் காது நன்றாகக் கேட்கிறது என்று அவர் சொல்வதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அதில் உண்மை ஏதும் உண்டா? உறுப்புகளின் அமைப்பை வைத்து விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை, காரைக்குடி

தம்பி, நான் கண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காதுக்கு இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

இருட்டுக்குள் போனால் கண்பாவை விரியும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது உண்மை, ஆனால் அதனால் கிடைக்கும் ஆதாயம் சிறியது. விட்டம் 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டருக்கு விரிந்தாலும் உள்ளே நுழையும் ஒளி 16 மடங்குதான் கூடும். நண்பகல் தெருவின் வெளிச்சத்துக்கும் சன்னல் சாத்திய உள்ளறையின் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடோ ஆயிரம் மடங்கைத் தாண்டும். மீதி வேலை முழுவதும் விழித்திரையின் தலையில்தான் விழுகிறது.

விழித்திரையில் ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் இருக்கின்றன. நல்ல வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்பு செல்கள். மங்கிய ஒளியில் வேலை செய்பவை குச்சி செல்கள், அவற்றுக்கு நிறம் தெரியாது. குச்சி செல்லில் ரொடாப்சின் என்ற நிறமி உள்ளது; வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைக்கும் ரெட்டினால் என்ற மூலக்கூறு அதன் ஒரு பகுதி. ஒளி பட்டவுடன் இந்த மூலக்கூறு வடிவம் மாறி, நிறமியிலிருந்து பிரிந்து, விழித்திரையின் பின்புறமுள்ள நிறமிப் படலத்துக்குச் சென்று, பழைய வடிவத்தைப் பெற்றுத் திரும்பி வந்து மறுபடியும் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெயிலில் இருந்து வருபவரின் குச்சி செல்களில் நிறமியின் பெரும்பகுதி வெளிறிப்போயிருக்கும். கூம்பு செல்கள் பத்து நிமிடத்துக்குள் தம்மால் முடிந்த அளவுக்குத் தேறிவிடும். குச்சி செல்கள் முழுத் திறனை எட்ட அரை மணி நேரம்கூட ஆகலாம்.

வயதானால் கண்பாவை முன்போல விரிவதில்லை, கண்ணின் லென்சு தடித்து மஞ்சளாகிறது, நிறமி மறுபடி உருவாவதும் தாமதமாகிறது. இருபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் எட்டுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் அப்பத்தாவுக்கு விளக்கு உதவியதற்கு இதுவே காரணம். ஆனால் கண்ணுக்கு நேரே மூடியில்லாத பல்பு வேண்டாம். தடித்த லென்சு ஒளியைச் சிதறடிக்கும். கூசுவதோடு, இருந்த பார்வையும் மங்கும்.

வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் ஒன்றைச் செய்து பாருங்கள். அந்தி மங்கும் நேரத்தில், விளக்கைப் போடாமல், தரையைப் பார்த்தபடி உட்காருங்கள். பகலில் பளிச்சென்று தெரிந்த சிவப்புப் பூக்கள் கறுத்துக்கொண்டே போகும். பச்சையும் நீலமும் அவற்றைவிட வெளிச்சமாகத் தெரியத் தொடங்கும். கூம்பு செல்களிடமிருந்து குச்சி செல்களுக்கு வேலை கைமாறும்போது நடப்பது இது. செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்ததால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். நம் வீடுகளில் இது வெறும் வேடிக்கை இல்லை. சிவப்புத் தரையும், கரும்பழுப்புத் தேக்கு நிலையும், அதன் அடியில் உயர்ந்து நிற்கும் படியும் மங்கலில் ஒரே கறுப்பாகிவிடுகின்றன. படியின் விளிம்பில் வெள்ளைப் பட்டை ஒன்று ஒட்டிவிடுங்கள். பழைய வீட்டின் அழகு கெடுகிறது என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

பதில்
செவித்திறன் பரிசோதகர், சொந்த ஊர் பள்ளத்தூர்

ஆசிரியை ஆச்சி சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். முதுமையில் கண்ணில் வரும் குறை பெரும்பாலும் ஒளி செல்லும் வழியில் வருகிறது. ஆகவே ஒளியைக் கூட்டினால் ஈடு செய்யலாம். காதில் வரும் குறை ஒலி செல்லும் வழியில் வருவது குறைவு. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் இடமே அங்கு தேய்ந்துபோகிறது. உங்கள் கேள்விக்கான விடை இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஒலி செல்லும் வழி மிக நேர்த்தியானது. காற்றில் வரும் ஒலி நேரடியாக உட்செவியின் திரவத்தில் மோதினால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், மற்றதெல்லாம் திரும்பிவிடும். அதைச் சரிக்கட்டவே செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் இருக்கின்றன. அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டர்தான். உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அது. அகன்ற செவிப்பறை வாங்கும் விசை முழுவதும் அங்கவடியின் சிறிய அடிப்பாகத்தில் குவிவதால் அழுத்தம் 20 மடங்குக்கு மேல் பெருகுகிறது. முதுமையிலும் இந்த ஏற்பாடு பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது.

அடுத்து வருவது நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியா. விரித்தால் 35 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். உள்ளே ஓடும் சவ்வு, வாயிலருகே குறுகி விறைப்பாகவும், உச்சியில் அகன்று தளர்வாகவும் இருப்பதால், கீச்சொலி வாயிலருகிலும் கனத்த ஒலி உச்சியிலும் அதிர்வை எழுப்புகின்றன. ஒலி இந்தச் சவ்வின் மீது அலையாகப் பயணம் செய்வதைக் கண்டு காட்டியதற்காக கியோர்க் ஃபொன் பேகேஷி 1961இல் நோபல் பரிசு பெற்றார். சவ்வின் மேலுள்ள மயிர்ச்செல்களில் உள்வரிசையில் உள்ள சுமார் 3,500 செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வெளிவரிசையில் உள்ள சுமார் 12,000 செல்கள் தாமே நீண்டும் சுருங்கியும் மெல்லிய ஒலிகளை மட்டும் பெருக்கித் தருகின்றன. இழந்த மயிர்ச்செல்கள் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. வாயிலருகே உள்ளவை, அதாவது கீச்சொலிக்கு உரியவை, முதலில் போகின்றன.

பேச்சில் இதன் விளைவைப் பாருங்கள். "பட்டு", "தட்டு", "கட்டு" என்ற மூன்று சொற்களிலும் உயிரொலி ஒன்றே; அது வலுவானது, கனத்த ஒலிகள் நிறைந்தது, அப்பத்தாவுக்கு நன்றாகவே கேட்கும். மூன்றையும் பிரித்துக் காட்டுவது தொடக்கத்தில் ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம் வந்துபோகும் மெல்லிய மெய்யொலி. அது காதிலிருந்து நழுவிவிட்டால், யாரோ பேசுகிறார் என்பது தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. நீங்கள் கத்தும்போது கூடுவது பெரும்பாலும் உயிரொலிதான். மெய்யொலி அதற்கு ஈடாகக் கூடுவதில்லை, உயிரொலியின் இரைச்சலில் இன்னும் அமுங்கிப்போகிறது. அதோடு, வெளிவரிசைச் செல்கள் குறைந்தவருக்கு மெல்லொலி கேட்காதே தவிர, பேரொலி நமக்குக் கேட்பது போலவே ஓங்கிக் கேட்கும். கேட்கவில்லை என்பதற்கும் காதை அடைக்கிறது என்பதற்கும் இடையே உள்ள தூரம் குறுகிவிடுகிறது. அவருடைய கோபம் முற்றிலும் நியாயமானது.

கண்ணாடி பற்றி அவர் சொல்வதும் சரியே. "பட்டு" என்று சொல்ல உதடு மூடித் திறக்கிறது. "கட்டு" என்று சொல்லும்போது மூடுவதில்லை. காது தவறவிட்டதைக் கண் பிடித்துக்கொள்கிறது. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு இருவரும் 1976இல் வெளியிட்ட சோதனையில், 'ba' என்ற ஒலியை 'ga' என்று அசையும் வாயோடு சேர்த்துக் காட்டியபோது பலருக்கு 'da' என்று கேட்டது. நல்ல காது உள்ளவர்களுக்கே அப்படித்தான். எனவே சன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசாதீர்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி, எதிரே உட்கார்ந்து, இயல்பான குரலில் சற்று நிதானமாகப் பேசுங்கள்.

பதில்
பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் பொறியாளர், கானாடுகாத்தான்

வீட்டின் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், கல் தரை, கருங்கல் தூண் எதுவுமே ஒலியை உறிஞ்சாது. ஒரு சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்துவிடுவதால் மெல்லிய மெய்யொலிகள்தாம் முதலில் மறைகின்றன. வளவில் முற்றம் வானத்துக்குத் திறந்திருப்பதால் கொஞ்சமாவது ஒலி வெளியேறும். மேலே மூடிய பந்திக்கூடத்தில் நிலைமை இன்னும் மோசம். ஜமக்காளங்களை விரித்து, கனத்த திரைச்சீலைகளைத் தொங்கவிட்டாலே வேறுபாடு தெரியும்.

கேட்டவர்
வளவுவீட்டுப் பேரன்

மூவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் மட்டும். இருட்டறையில் அப்பத்தாவுக்குத் தெரியாமல் போவதோடு சற்றுத் தள்ளாடவும் செய்கிறது, அதுவும் கண்ணால்தானா? காது கேட்க உதவும் கருவி ஒன்றை இணையத்தில் குறைந்த விலைக்கு வாங்கித் தரலாம் என்று சித்தப்பா சொல்கிறார். கண்ணாடி போல அதை மாட்டியவுடன் சரியாகிவிடுமா?

பதில்
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை

தள்ளாட்டத்தில் கண்ணுக்கும் காதுக்கும் பங்கு உண்டு. உட்செவியில் காக்ளியாவை ஒட்டி மூன்று அரைவட்டக் குழல்கள், தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உணர்கின்றன. இந்த வரியைப் படித்துக்கொண்டே தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள், எழுத்து கலையாது. தலையை அசைக்காமல் கைப்பேசியை அதே வேகத்தில் ஆட்டுங்கள், எழுத்து கலைந்துவிடும். முதலாவதில் குழல்கள் தந்த செய்தியால் கண்விழிகள் எதிர்ப்பக்கம் திரும்பி ஈடு கட்டின. நிற்பதற்கு கண், உட்செவி, பாத உணர்வு மூன்றும் வேண்டும். வயதானால் பின்னிரண்டும் குறைவதால் உடல் கண்ணையே அதிகம் நம்பியிருக்கிறது. இருட்டில் அதுவும் போய்விடுகிறது. நடைவழியில் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். திடீரென்று ஒரு கண்ணில் திரை விழுந்தது போல் மறைத்தாலோ, கண் வலியோடு விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில்
செவித்திறன் பரிசோதகர்

கண்ணாடியோடு ஒப்பிட வேண்டாம். கண்ணாடி, நலமாக உள்ள விழித்திரையின் மீது படிமத்தைச் சரியாக விழச் செய்கிறது. காதுக் கருவியோ தேய்ந்துபோன மயிர்ச்செல்களுக்குத்தான் ஒலியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஆகவே மாட்டிய அன்றே தெளிவு வராது, மூளை அந்தப் புது ஒலிக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். நம் பக்கத்தில் கண் முகாம் என்றால் ஊரே திரண்டு வருகிறது, மதுரைக்கு பஸ் பிடித்துப் போய்க் கண்புரையை எடுத்துக்கொண்டு வருகிறோம். காதைச் சோதிக்க யாரும் போவதில்லை, நேரே கருவியைத்தான் வாங்குகிறார்கள்.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சிலருக்கு அதிலேயே பாதி சரியாகிவிடும். கோழி இறகால் குடைவதும், காய்ச்சிய எண்ணெய் விடுவதும் வேண்டாம். செவிப்பறையில் துளை இருந்தால் எண்ணெய் நடுச்செவிக்குள் போய்விடும். அதன் பிறகு ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்கள். எந்த அதிர்வெண்ணில் எத்தனை டெசிபெல் குறைவு என்பதை அந்த வரைபடம் காட்டும். அதைப் பார்த்து, கீச்சொலியை மட்டும் தேவையான அளவு கூட்டி, பேரொலியை எல்லைக்குள் நிறுத்தும்படி அமைத்துத் தருவதுதான் காதுக் கருவி. சித்தப்பா பார்த்தது எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும் ஆம்ப்ளிஃபயராக இருந்தால், அதுவும் உங்களைப் போலவே கத்தத்தான் செய்யும். அப்பத்தா இரண்டே நாளில் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்.