அம்மாவுக்கு சிஎம்வி பாசிட்டிவ், தம்பிக்கு நெகடிவ்... கிட்னி குடுக்கலாமா?

குடியாத்தத்தான்:
தம்பி டயாலிசிஸ்ல இருக்கான், வேலூர்ல தான் பாக்குறோம். அம்மா கிட்னி குடுக்குறாங்க, க்ராஸ் மேட்ச் (ரெண்டு பேர் ரத்தமும் ஒத்துப்போவுதான்னு பாக்குற டெஸ்ட்) எல்லாம் ஓகே. இப்ப ரிப்போர்ட்ல அம்மாவுக்கு சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) ஐஜிஜி (அந்த வைரஸுக்கு ஒடம்புல உண்டாவுற எதிர்ப்பு புரதம், அதாவது ஆன்டிபாடி) பாசிட்டிவ், தம்பிக்கு நெகடிவ். மருந்து குடுத்துக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஆனா சொந்தக்காரங்க வைரஸ் இருக்குற கிட்னிய யாராச்சும் வெப்பாங்களான்னு கெளப்பி விட்டுகினு இருக்காங்க, அம்மா சரியா தூங்குறதே இல்ல. இன்னா பண்றது?

காட்பாடி ஜங்ஷன்:
ஐஜிஜி பாசிட்டிவ்னா எப்பவோ வந்தது, இப்ப நோய் இருக்குன்னு இல்ல. நம்ம நாட்டுல பெரியவங்கள்ல முக்காவாசி பேருக்கு மேல பாசிட்டிவ் தான் வரும். டென்ஷன் ஆவாதீங்க.

லேப்காரன்:
மேல சொன்னது சரி தான், ஆனா பாதி தான். அந்த வைரஸ் ஒடம்ப விட்டு போவாது, உள்ளயே தூங்கிகினு இருக்கும், கிட்னியோட சேந்து தம்பிக்கு போவும். அவருக்கு எதிர்ப்பு இல்ல, அதோட எதிர்ப்பு சக்திய கொறைக்குற மாத்திரை வேற சாப்புடணும், அதனால குடுக்குறவங்க பாசிட்டிவ் வாங்குறவங்க நெகடிவ்ங்கிறது தான் இருக்கறதுலயே ரிஸ்க்கான ஜோடி. அதுக்காக ஆபரேஷன நிறுத்த மாட்டாங்க, வால்கான்சிக்ளோவிர்னு சிஎம்விய அடக்குற மாத்திரை குடுப்பாங்க. இந்த மாதிரி ஜோடிங்கள வெச்சே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, 100 நாள் மருந்து சாப்பிட்டவங்கள்ல ஒரு வருஷத்துக்குள்ள 100க்கு 37 பேர் மாதிரி சிஎம்வி நோய் வந்துச்சு, 200 நாள் சாப்பிட்டவங்கள்ல 16 பேர் தான். அதனால ஒடம்பு நல்லா இருக்கேன்னு நடுவுல நிறுத்திடாதீங்க. இந்த மருந்தால ரத்தத்துல வெள்ளை அணு கொறையலாம், ரத்த டெஸ்ட்ட விடக்கூடாது. வெலையும் கடிக்கும், அத இப்பவே கேட்டு வெச்சிக்கோங்க.

ஆற்காடு அக்கா:
எங்க வீட்டுக்காரரு மூளைச்சாவு ஆனவங்க கிட்னிக்கு டிரான்ஸ்டான்ல (தமிழ்நாடு அரசோட உறுப்பு மாற்று ஆணையம்) பதிஞ்சிருக்காரு. அதுல எச்ஐவி, ஹெபடைடிஸ் சி எல்லாம் தப்பிச்சி வந்துடாதா?

லேப்காரன்:
அக்கா, புதுசா தொத்தி இருந்தா ஆன்டிபாடி டெஸ்ட்ல கொஞ்ச நாளைக்கு தெரியாது. ஹெபடைடிஸ் சிக்கு அது ரெண்டு மாசம் கிட்ட போவும். நாட் டெஸ்ட் வைரஸோட மரபணுவயே தேடுது, அதுல ஒரு வாரம் பத்து நாள்லயே மாட்டிக்கும். அதுலயும் ஓட்ட முழுசா அடைபடாது, அதான் குடும்பத்தாருகிட்ட கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. 2004ல அமெரிக்காவுல டெக்சாஸ்ல வௌவால் கடிச்ச ஒருத்தரோட உறுப்புங்களும் ரத்தக்குழாயும் போய், வாங்குனவங்கள்ல நாலு பேர் வெறிநோய்ல செத்தாங்க. நாய் கடிச்சிதான்னு கேட்டா யாரும் கோவப்படாதீங்க.

குடியாத்தத்தாரே, தம்பிக்கு ஹெபடைடிஸ் பி ஊசி டபுள் டோஸ்ல முடிஞ்சி டைட்டர் (ஊசியால வந்த எதிர்ப்பு சக்தியோட அளவு) பாத்தாச்சா? 10க்கு மேல இருக்கணும். அம்மாவுக்கு கோர் ஆன்டிபாடி பாத்தாங்களா? எச்பிஎஸ்ஏஜி இப்ப ஹெபடைடிஸ் பி இருக்கான்னு பாக்குற டெஸ்ட், பழைய தொற்று அதுல தெரியாது, கோர் ஆன்டிபாடில தான் தெரியும்.

குடியாத்தத்தான்:
ஊசி முடிஞ்சிது, டைட்டர் பாக்கல. அம்மா ரிப்போர்ட்ல எச்பிஎஸ்ஏஜி மட்டும் தான் இருக்கு. திங்கக்கெழம ஓபில ரெண்டையும் கேக்குறேன், சொந்தக்காரங்களுக்கு உங்க மெசேஜயே ஃபார்வர்டு பண்ணிட்டேன்.