தொடர் உருவகத்தை எப்படி அலசுவது? கிங்கின் செக், லிங்கனின் மரச்சட்டம்

முரசுமோட்டைப் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் உயர்தரம் கலைப்பிரிவு படிக்கிறேன். புகழ்பெற்ற அரசியல் பேச்சு ஒன்றில் வரும் தொடர் உருவகத்தை, அதாவது ஒரே உருவகத்தை விடாமல் நீட்டிக்கொண்டு போவதை, அலசி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 1963 ஓகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசியதை எடுத்தேன். "எனக்கொரு கனவு இருக்கிறது" என்ற பகுதிதான் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே ஒரு செக் வருகிறது. நாட்டை நிறுவியவர்கள் ஒரு வாக்குறுதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்கள், அமெரிக்கா அந்தக் கடனைக் கட்டவில்லை, கறுப்பின மக்களுக்குக் கிடைத்த செக் "போதிய பணம் இல்லை" என்று திரும்பி வந்துவிட்டது, ஆனாலும் நீதி வங்கி முறிந்துவிட்டதாக நம்ப மாட்டோம் என்கிறார்.

சீட்டு என்றால் அரசியலமைப்பும் சுதந்திரப் பிரகடனமும், செக் திரும்பியது என்றால் உரிமை மறுக்கப்பட்டது என்று அட்டவணை போட்டேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மூன்று பக்கம் வேண்டும். இதற்கு மேல் என்ன எழுதுவது?

வவுனியாக் காசாளர்:
தங்கச்சி, அட்டவணை சரிதான், அதை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்: ஏன் செக்? பூட்டிய கதவு என்று சொல்லியிருக்கலாம், இருட்டு என்று சொல்லியிருக்கலாம்.

நான் வங்கிக் கவுண்டரில் வேலை செய்கிறேன், ஆனால் இது எனக்கு விளங்கியது கவுண்டருக்கு வெளியே. ஒரு காலபோகம் முடிந்து அப்பா நெல்லை ஒரு வியாபாரிக்குக் கொடுத்தார், அவர் செக் தந்தார், அது திரும்பி வந்துவிட்டது. செக்கோடு ஒரு துண்டுத்தாள் குத்தியிருந்தது, இரண்டையும் ஷொப்பிங் பையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று கிழமை அலைந்தார். அப்பா யாரிடமும் கடன் கேட்டால் குரல் இறங்கிவிடும். அந்த வியாபாரியின் வாசலில் மட்டும் குரல் இறங்கவில்லை, "என்ரை காசைத் தா" என்று நிமிர்ந்து நின்றுதான் கேட்டார். செக் கையில் இருக்கிறவன் பிச்சைக்காரன் இல்லை, அவன் கடன் கொடுத்தவன். கிங் அந்த ஒரு சொல்லால் அங்கே கூடியிருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தையும் கடன் கொடுத்தவர்களாக மாற்றிவிடுகிறார். இதை எழுதவே ஒரு பக்கம் போகும்.

இன்னொன்று. ஒவ்வொரு அமெரிக்கனும் அந்தச் சீட்டுக்கு வாரிசு என்று சொல்கிறார். எங்கள் பேச்சில் அது முதுசம். முதுசத்தைக் கேட்பதற்கு யாரிடமும் தயவு தேவையில்லை. பேசிய இடத்தையும் பாருங்கள், லிங்கன் நினைவிடத்துக்கு முன்னால், அடிமை ஒழிப்புப் பிரகடனம் வந்து நூறு வருடம் கழித்து. தவணை கடந்து நூறு வருடம்!

ஒட்டுசுட்டான் தச்சன்:
லிங்கன் பெயர் வந்தபடியால் நானும் ஒன்று சொல்கிறேன். 1858 ஜூன் 16, ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் பேசிய "பிளவுபட்ட வீடு நிலைக்காது" எல்லோருக்கும் தெரியும், அது விவிலியத்தில் இருந்து எடுத்தது. அதே பேச்சில் இன்னொரு வீடு இருக்கிறது, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வேலையாட்கள் அறுத்துச் செதுக்கிய மரங்கள் கிடக்கின்றன, ஸ்டீபன், ஃபிராங்க்ளின், ரோஜர், ஜேம்ஸ் என்று நான்கு பேர், எடுத்துப் பொருத்தினால் துளையும் நாக்கும் அப்படியே பொருந்தி ஒரு வீட்டுச் சட்டம் வருகிறது, ஒரு துண்டு கூடவும் இல்லை குறையவும் இல்லை, அப்படியிருக்க அடிமைமுறையைப் பரப்ப இவர்கள் முதலே பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை என்று எப்படி நம்புவது என்கிறார்.

நான் தீராந்தியும் கைமரமும் பொருத்துகிறவன். முதிரையில் துளை ஒரு நூல் பிசகினாலும் நாக்கு இறங்காது, தானாகப் பொருந்துகிற மரம் என்று ஒன்றை நான் கண்டதில்லை. ஆகவே அந்த இடம் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த நால்வர் செனட்டர் டக்ளஸ், முன்னாள் ஜனாதிபதி பியர்ஸ், தலைமை நீதியரசர் டேனி, அப்போதைய ஜனாதிபதி புக்கானன். பட்டறையில் ஆட்களைக் கூப்பிடுவது போல முதற்பெயரை மட்டும் சொல்லி அத்தனை பேரையும் ஒரே மேஸ்திரியின் கீழ் வேலைசெய்பவர்களாக்கிவிடுகிறார். ஒரு மரம் குறைந்தால்கூட அதற்கான இடம் சட்டத்தில் தயாராக இருப்பது தெரியும் என்றும் சொல்கிறார். அந்தக் குறை மரம், எந்த மாநிலமும் அடிமைமுறையைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் இருந்து வரக்கூடிய இன்னொரு தீர்ப்பு.

ஆனால் தங்கச்சி, இதையும் எழுதுங்கள்: நால்வரும் கூடிப் பேசியதற்கு அவர் கையில் சாட்சி இல்லை. சாட்சி இருக்க வேண்டிய இடத்தில் மரச்சட்டம் நிற்கிறது. உருவகம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறதோ அவ்வளவுக்கு நாங்கள் சாட்சி கேட்க மறந்துவிடுகிறோம்.

ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர்:
பிள்ளை, இதற்குத் தமிழில் பெயர் இருக்கிறது, முற்றுருவகம் என்று எழுதுங்கள். அப்பர் தேவாரத்தில் மெய்ம்மை உழவு, விருப்பு வித்து, பொய்ம்மை களை, பொறை நீர், தகவு வேலி என்று ஒவ்வொன்றாக வந்து கடைசியில் சிவகதி விளையும். ஒன்றை மட்டும் உருவகித்து மற்றதை விட்டால் ஏகதேசம், "பிறவிப் பெருங்கடல்" குறளில் பிறவி கடலாகியும் இறைவன் அடி தெப்பமாகாதது போல.

இதை வைத்து மற்றப் பேச்சுகளைப் பாருங்கள். 1946இல் சேர்ச்சில் சொன்ன இரும்புத்திரை, 1960இல் பிரித்தானியப் பிரதமர் மக்மில்லன் கேப்டவுனில் சொன்ன மாற்றத்தின் காற்று, இரண்டும் பேர்போனவை, ஆனால் இரண்டையும் முற்றுருவகம் என்று எழுதிவிடாதீர்கள். காற்று வீசுகிறது என்று சொல்லிவிட்டு மக்மில்லன் நகர்ந்துவிடுகிறார். அப்புறம், காற்றுக்கு ஆளில்லை. யார் வீசினார்கள், யார் பொறுப்பு என்று கேட்க முடியாது. கிங்கின் செக்கில் கையெழுத்து இருக்கிறது, லிங்கனின் மரத்தில் நான்கு பேரின் உளி பட்டிருக்கிறது. எழுவாய் யார் என்று தேடுங்கள், நாற்பது வருடம் இலக்கணம் படிப்பித்தவள் சொல்கிறேன், பாதி விடை அங்கேதான் கிடக்கும்.

முரசுமோட்டைப் பிள்ளை:
ரீச்சர், அண்ணாமார், மிகவும் நன்றி. இரவிரவாக இருந்து திரும்ப வாசித்தேன். செக்கை அவர் எங்கே விடுகிறார் என்று தேடினேன். அதை மாற்ற வந்திருக்கிறோம் என்கிற இடத்தோடு வங்கி முடிகிறது, கொஞ்சம் தள்ளி, சுதந்திர தாகத்தைக் கசப்பும் வெறுப்பும் நிறைந்த கிண்ணத்தில் குடித்துத் தீர்க்க வேண்டாம் என்று தன் சனத்திடமே சொல்கிறார். செக் எதிராளியைப் பார்த்து, கிண்ணம் தன் ஆட்களைப் பார்த்து. அப்படி எழுதலாமா? காசாளர் அண்ணா, அந்தச் செக் பகுதியில் "கேட்டவுடன்" என்றொரு சொல் வருகிறதே, அது வங்கிச் சொல்லா?

வவுனியாக் காசாளர்:
தாராளமாக எழுதலாம். ஓம், அது எங்கள் சொல்தான். புறோநோட்டில், அதாவது வாக்குறுதிச் சீட்டில், "கேட்டவுடன் செலுத்துவேன்" என்று இருந்தால், வைத்திருப்பவர் எந்த நாளில் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டும், பொறுத்து வா என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் அவர்களிடம் எல்லோரும் சொன்னது பொறுங்கள் என்பதுதான். கிங் அடுத்த பத்தியிலேயே "இப்போதே" என்று எத்தனை தரம் சொல்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.