கதிர் ஊருக்கு வந்தாச்சு (குழு: பெரிய வீடு)

செல்வி அக்கா, 7:12
கவிதா, உன் பிள்ளை கதிரை அண்ணன் கொண்டுவந்து விட்டுவிட்டார். அவனுடைய ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாகக் கட்டாத நோய்) மருந்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன்.

கவிதா, 7:13
எந்தத் தட்டு அக்கா?

செல்வி அக்கா, 7:13
ஃப்ரீசர். ஐஸ் பெட்டியில்தானே வந்தது.

கவிதா, 7:13
ஐயோ, உடனே எடு! உறைந்தால் குப்பையில்தான் போட வேண்டும். 2 முதல் 8 டிகிரி, நடுத்தட்டு.

செல்வி அக்கா, 7:15
எடுத்துவிட்டேன். வைத்து அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. மீன் பொட்டலத்து மேலே இருந்தது. கை நடுங்குகிறது.

கவிதா, 7:16
குலுக்காதே. குப்பியை ஃபோட்டோ எடுத்துப் போடு. நர்ஸிடம் கேட்கிறேன்.

கவிதா, 7:31
உறையவில்லை, போடலாமாம். அப்பாடா.

முருகேசன் அண்ணன், 7:40
ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் போட்டோமே, அந்த ஊசியா?

கவிதா, 7:44
இல்லை அண்ணா. அது நோவோசெவன். முழங்கால் வீங்கினப்போ ராத்திரி முழுக்க அலாரம் வைத்து நரம்பில் ஏற்றினோம். இது ஹெம்லிப்ரா. ரத்தக்கசிவே வராமல் இருக்க, தோலுக்கு அடியில் போடுவது. அவன் 20 கிலோ, அதனால் ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் 60 மில்லிகிராம். பார்த்தால் 0.4 மில்லிதான்!

அம்மா, 7:50
முன்னே ஃபேக்டர் எட்டுதானே போட்டீங்க?

கவிதா, 7:53
ரத்தத்தைக் கட்டவைக்கிற அந்த எட்டாம் புரதத்தை வெளியிலிருந்து கொடுத்தால் அவன் உடம்பே அதை எதிரி என்று அடித்துவிடுகிறது அம்மா. இன்ஹிபிட்டர் என்பது அதுதான். இந்த மருந்து ஃபேக்டர் ஒன்பதையும் பத்தையும் சேர்த்துப் பிடித்து, எட்டு பார்க்கிற வேலையைத் தானே பார்க்கும்.

அம்மா, 7:58
என் பெரிய தம்பி பல் பிடுங்கப் போனவன். மூணு நாள் ரத்தம் நிற்காமல் துணி துணியாக மாற்றினோம்.

முருகேசன் அண்ணன், 8:01
அம்மா, அதை இப்போ நினைக்காதே. சாப்பிட்டியா?

கவிதா, 8:06
அக்கா, விழுந்தால் ப்ரூஃபன், ஆஸ்பிரின் கொடுக்காதே. இடுப்பில் ஊசி போட விடாதே. எனக்குப் போன் பண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன் நோயும் மருந்தும் எழுதின கார்டை முதலில் காட்டு. ஹெம்லிப்ரா போடுகிறவனுக்கு ரத்தத்தைக் கட்டவைக்கிற ஃபீபா மருந்தும் ஏற்றினால் குழாய்க்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். ரத்தம் கட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிற ஏபிடிடி டெஸ்ட் நார்மல் என்று வந்தாலும் நம்பாதே, இந்த மருந்து அந்த டெஸ்டை ஏமாற்றும்.

செல்வி அக்கா, 8:10
கார்டை ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டிவிட்டேன். உன் பிள்ளை வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

கவிதா, 8:10
எந்தக் கிளை??

செல்வி அக்கா, 8:11
கீழ்க்கிளைதான். அண்ணன் அடியில் நிற்கிறார், கையை விரித்துக்கொண்டு.