மார்பின் மாத்திரைக்கு மதுரை வரை போகிறேன், எங்கள் ஊர்ப் பக்கமே கிடைக்க யாரிடம் மனு கொடுப்பது?

விளாத்திகுளத்துக்காரி:
அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். எலும்பு வரை பரவிவிட்டது, இனி வலியை மட்டும்தான் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வலிக்கான மார்பின் மாத்திரையை வாங்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் பஸ் ஏறுகிறேன். அன்றைய கூலி போய்விடும். போன மாதம் மழையில் இரண்டு நாள் தள்ளிப்போனது. அந்த இரண்டு ராத்திரியும் அம்மா படுக்கவே இல்லை, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டேன். "அது போதை மருந்தும்மா, வச்சா எங்க மேல கேஸ் வரும்" என்றார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸ் அக்கா, இதே நிலையில் இன்னும் ஏழு வீடு இருப்பதாகச் சொன்னார். எல்லோரும் சேர்ந்து கலெக்டரிடம் போகலாமா? மனுவில் என்ன எழுதுவது?

பழைய பார்மசிஸ்ட்:
அவர்கள் பயம் சும்மா வந்ததில்லை. 1985 போதைப்பொருள் சட்டம் வந்தபோது குறைந்தபட்சத் தண்டனையே 10 வருடம். மார்பின் வாங்க நாலைந்து லைசென்ஸ் வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். அலுத்துப்போய் பலர் மார்பின் வைப்பதையே விட்டுவிட்டார்கள். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு, மார்பின் எடுக்கும் அபின் விளைகிறது, நீமச்சில் அரசு ஆலையே இருக்கிறது. ஆனால் நம் நோயாளிக்கு மாத்திரை இல்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

கேரளத்து வலி நிவாரண டாக்டர் ராஜகோபாலும் அவருடைய பாலியம் இந்தியா அமைப்பும் இன்னும் பலரும் வருடக்கணக்கில் அலைந்த பிறகு, 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2015 விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் ஒன்று போதும். வலி நிவாரணப் பயிற்சி பெற்ற டாக்டர் இருக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், அவ்வளவுதான். அதனால் மனுவில் "மார்பின் வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள், தட்டிக்கழிப்பார்கள். "தாலுகா அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள், அந்த ஆஸ்பத்திரிக்கு அங்கீகாரம் வாங்குங்கள்" என்று இரண்டே கோரிக்கை வையுங்கள்.

கோவில்பட்டி தம்பி:
அக்கா, தப்பா நினைக்காதீங்க. என் அப்பாவுக்கும் புற்றுநோய் வலிக்கு மார்பின் எழுதித் தந்தார்கள். அடிமையாகிவிடுவாரோ என்று நாங்கள் கொடுக்கவில்லை. செய்தது சரியா?

வீட்டு நர்ஸ்:
தம்பி, புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அடிமையாவது அபூர்வம். பல வருட முதுகுவலிக்குக் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி, அதில் டாக்டர்கள் ரொம்பவே யோசிப்பார்கள். உங்கள் அப்பா விஷயத்தில் நிஜத் தொந்தரவு மலச்சிக்கல்தான். முதல் நாளே அதற்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள். மார்பினைச் சாகப் போகிறவர்களுக்கான "கடைசி மருந்து" என்று பலர் நினைப்பதும் தப்பு, வலி அடங்கியபின் எழுந்து நடந்து சோறு பொங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

விளாத்திகுளத்துக்காரி:
பார்மசிஸ்ட் ஐயா, நீங்கள் சொன்ன இரண்டையும் அப்படியே எழுதிவிட்டேன். எட்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கியாச்சு, அம்மா ரேகை வைத்தாள். திங்கட்கிழமை தூத்துக்குடியில் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறோம். அம்மாவுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் கொடுக்கப் பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.