மறு: ஆவியுடல் துவைதம் – சொல் சரிதானா?

வணக்கம்.

> மனிதனை ஆவி, உடல் என்று பிரித்துப் பார்க்கும் கிறிஸ்தவக் கொள்கைக்கு ‘ஆவியுடல் துவைதம்’ என்று வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. நான் இருப்பது பெங்களூரில், கீழ்வீட்டுக்காரர் மாத்வர், அதாவது மத்வாச்சாரியாரின் வழி வந்தவர். துவைதம் என்றால் அவருக்கு உடுப்பி, மத்வர், இறைவனும் உயிரும் என்றைக்கும் வேறு வேறு என்ற கொள்கை. நமக்கு வேண்டியதோ ஒரே மனிதனுக்குள் எத்தனை கூறு என்பதற்கான சொல். எழுநூறு வருஷமாக ஒருவர் வீட்டில் புழங்கும் பாத்திரத்தை நாம் இரவல் வாங்கினால் குழப்பம்தான்.

சொல்லுக்குப் போகுமுன் ஆதியாகமம் 2:7ஐ ஒருமுறை பார்த்துவிடலாம். மண்ணால் உருவாக்கி, நாசியில் ஊதி, ‘மனுஷன் ஜீவாத்துமாவானான்’. பழைய மொழிபெயர்ப்பில் இப்படித்தான் படித்து வளர்ந்தோம். மூலமொழியான எபிரேயத்தில் அங்கே இருப்பது ‘நெஃபெஷ் ஹையா’, அதாவது உயிருள்ள பிராணி. அதே இரண்டு சொல் 1:24இல் ஆடுமாடுகளுக்கும் வருகிறது. அங்கே நம் மொழிபெயர்ப்பு ‘ஜீவஜந்துக்கள்’ என்கிறது! ஒரே சொல், மாட்டுக்கு ஜந்து, மனிதனுக்கு ஆத்துமா. ஆத்துமா என்றதும் கூட்டுக்குள் அடைபட்ட பறவை, சட்டையைக் கழற்றிப் போடுவது எல்லாம் நம் மனதில் தானாக வந்துவிடுகிறது. மூலத்தில் மனிதனுக்குள் ஆத்துமா போடப்படவில்லை; மண்ணும் மூச்சும் சேர்ந்து அவனே நெஃபெஷ் ஆகிறான். 1995இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘உயிர் உள்ளவன் ஆனான்’ என்று அடக்கமாகச் சொல்லிவிட்டது.

நெஃபெஷுக்குத் தொண்டை என்றும் ஒரு பொருள் உண்டு. சங்கீதம் 69இல் ‘வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது’ என்பதைச் சின்ன வயதில் படித்துவிட்டு, ஆத்துமா எந்த உயரத்தில் இருக்கிறது என்று யோசித்திருக்கிறேன். கழுத்தளவு தண்ணீர், அவ்வளவுதான் விஷயம்.

உடலைச் சிறையாகவும் கல்லறையாகவும் பார்ப்பது கிரேக்கத்துச் சரக்கு. சோமா என்றால் உடல், சேமா என்றால் கல்லறை. பிளேட்டோவே இந்தச் சிலேடையை எடுத்துப் பேசுகிறார்.

> அப்படியானால் படைப்புக்கதைக்கு ‘உயிர்மெய்’ என்பதே பொருந்துமே! ரெடிமேடாகக் கையில் இருக்கிறது.

படித்ததும் எனக்கும் புல்லரித்தது, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் இலக்கணம் குறுக்கே வந்தது. உயிரெழுத்து தனியே ஒலிக்கும், மெய் தனித்து இயங்காது. ‘மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்’ என்பது தொல்காப்பியம். அந்தக் கணக்கில் உயிருக்கு மெய் தேவையே இல்லை! பிரிக்கக்கூடாது என்று சொல்லத் தேடிய உவமை, பிரிக்கலாம் என்பவருக்குச் சாட்சி சொல்லிவிடும். விட்டுவிடலாம்.

அடுத்தது மாம்சம். இங்கே கறிக்கடைப் பலகையிலும் கன்னடத்தில் அதே சொல்தான். ‘அந்த வார்த்தை மாம்சமாகி’ என்று என் மகள் வாசித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மாம்சம் என்பதற்குக் கிரேக்கத்தில் பவுல் சொல்லும் ‘சார்க்ஸ்’ வெறும் சதை அல்ல. கலாத்தியர் 5இல் மாம்சத்தின் கிரியைகள் என்று அடுக்குவதில் பகை, கோபம், பிரிவினை, பொறாமை எல்லாம் இருக்கின்றன. பொறாமைக்குச் சதை எதற்கு? திருவிவிலியம் அந்த இடத்தில் ‘ஊனியல்பு’ என்று போட்டது நல்ல ஆக்கம். நாம் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஆக, ஒரே சொல்லுக்குள் மூன்று சங்கதியைத் திணிக்கப் பார்க்கிறோம் என்பது என் எண்ணம். மனிதனுக்கு எத்தனை கூறு என்பது ஒன்று. மனிதனுக்குள் எது ஆள்கிறது, ஆவியா ஊனியல்பா என்பது இன்னொன்று. பவுலின் கவலை பெரும்பாலும் இதுதான். உடல் என்றாலே இழிவு என்பது மூன்றாவது. பொருளுலகமே தீது என்ற பழங்கால ஞானவாதிகள் (நாஸ்டிக்குகள்) சொன்னது அது. படைத்ததெல்லாம் ‘மிகவும் நன்றாயிருந்தது’ என்று முடியும் ஆதியாகமம் 1க்கும், சரீரம் உயிர்த்தெழும் என்கிற விசுவாசப்பிரமாணத்துக்கும் நேர் எதிர். கல்லறைத் தோட்டத்தில் ஆறுதல் சொல்கிறவர்கள் ‘வெறும் கூடுதானே’ என்னும்போது, தெரியாமலே இந்த மூன்றாவது பக்கம் போய்விடுகிறார்கள்.

எனவே மனிதனுக்கு இரண்டு கூறு என்னும் டைக்காட்டமிக்கு ‘இருகூற்றுக் கொள்கை’, மூன்று கூறு என்னும் ட்ரைக்காட்டமிக்கு ‘முக்கூற்றுக் கொள்கை’. பின்னது 1 தெசலோனிக்கேயர் 5:23இல் வரும் ஆவி, ஆத்துமா, சரீரம் மூன்றையும் தனித்தனியாக எண்ணுகிறவர்களுக்கு. மூன்றாவது சங்கதிக்கு ‘உடலிகழ்வு’.

> ‘இருகூற்று’ என்றால் இரண்டு வாக்கியம் என்று படிக்க மாட்டார்களா? கூற்று என்றால் எமனும்கூட.

வாக்கியம் என்று படிக்கும் ஆபத்து உண்டு, முதல் முறை வரும்போது ‘மனித’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். கூறு என்பதை அப்படியே வைத்து ‘இருகூறுக் கொள்கை’ என்றால் என் காதில் உறுத்துகிறது. சோறு சோற்றுப்பானை ஆவதுபோல் இதுவும் இரட்டித்தால்தான் தமிழ். எமன் நிற்கட்டும். உயிரையும் உடலையும் கூறுபடுத்துகிறவன் என்பதால்தான் அவனுக்குக் கூற்றுவன் என்று பெயர் என விளக்குவார்கள். இந்தச் சொல்லுக்கு அவனைவிடப் பொருத்தமான காவல்காரன் கிடைப்பானா?

ஆவியை மாற்ற வேண்டும் என்று டெல்லி நண்பர் எழுதியதற்கு மட்டும் நான் உடன்படவில்லை. பேய்ப்படம் பார்க்கிறவர்களுக்குப் பயந்து நல்ல சொல்லை விடுவதா? இட்லிப் பானையில் வருவதும் ஆவி, சளிக்குப் பிடிப்பதும் ஆவி. ரூவாக் என்ற எபிரேயச் சொல்லும் காற்று, மூச்சு, ஆவி மூன்றையும் சேர்த்தே சுமக்கிறது. இவ்வளவு நெருங்கிய சொல் பல மொழிகளுக்கு வாய்க்கவில்லை.

‘உடலிகழ்வு’ கொஞ்சம் கரடுமுரடு. மேலானது தோன்றினால் மாற்றிக்கொள்கிறேன். ஆத்துமாவா ஆன்மாவா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், அதில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் எளிதில் ஒத்துப்போக மாட்டார்கள்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து