மழை விடுமுறையில் மூன்றாம் வகுப்பு: ஃபோன் வழியாக நாலு பாடத்தையும் எப்படி நடத்துவது?

ஈராசிரியர்பள்ளி கேட்டது:
டெல்டா பக்கம். மூன்றாம் வகுப்பில் 22 பிள்ளைகள். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு விடுமுறை விட்டால் நாலைந்து நாள் சேர்ந்தாற்போலப் போய்விடுகிறது. 13 வீட்டில் டச் ஃபோன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்து ஆறரைக்கு மேல்தான் பிள்ளை கைக்கு வரும். 6 வீட்டில் பட்டன் ஃபோன், 3 வீட்டில் எதுவும் இல்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் நாலையும் எப்படிப் பிரிக்கலாம்? நேரலை வகுப்பு வைத்தால் பாதிப் பேர்தான் வருகிறார்கள், வந்தவர்களும் "சார் கேக்கல"தான்.

கணக்குப்பெட்டி:
நேரலையை விட்டுவிடுங்கள் சார். 2020-இல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதலிலேயே 1 முதல் 8 வகுப்பு வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்றுதான் இருந்தது. உங்கள் நிலைமைக்கு அதுவும் அதிகம். தமிழும் கணக்கும் தினமும் கொஞ்சம், ஆங்கிலம் ஒருநாள் விட்டு ஒருநாள், சூழ்நிலையியலுக்கு வாரம் முழுவதும் ஒரே செயல்பாடு. பாடத்துக்கு ஒரு வாய்ஸ் நோட், மூன்று நிமிடத்துக்குள். அதில் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். ஏழு நிமிடம் பேசினால் அம்மா ப்ளே பண்ணிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார், பிள்ளைக்கு எந்த இடத்தில் என்ன சொன்னீர்கள் என்று தேடத் தெரியாது.

கணக்கில் எந்த எண்ணைக் கொடுக்கிறோம் என்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தலுக்கு 52 − 27 கொடுத்தால் சரியான விடை 25. தப்பு விடை பெரும்பாலும் 35 என்று வரும். அது எப்படி வந்தது என்று நோட்டு ஃபோட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பிள்ளை "2-லிருந்து 7 போகாது" என்று திருப்பிப் போட்டு 7 − 2 = 5 என்று எழுதியிருக்கும். இன்னொரு பிள்ளை சரியாகக் கடன் வாங்கி 12 − 7 = 5 போட்டுவிட்டு, பத்தில் ஒன்று குறைக்க மறந்திருக்கும். இரண்டுமே 35. அதற்குப் பதில் 53 − 27 கொடுங்கள். சரியான விடை 26, திருப்பிப் போட்ட பிள்ளைக்கு 34, குறைக்க மறந்த பிள்ளைக்கு 36. விடையே காரணத்தைச் சொல்லிவிடும். ஒன்றின் இடத்து எண்கள் இரண்டுக்கும் வித்தியாசம் 5 வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

34 எழுதியவர்களுக்கு ஈர்க்குச்சி. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு 5 கட்டு, தனியாக 3. ஒரு கட்டைப் பிரித்தால்தான் 7 எடுக்க முடியும் என்பது கைக்குத் தெரிய வேண்டும். 36 எழுதியவர்களுக்குக் குச்சி வேண்டாம். 5-ஐ அடித்து மேலே 4 எழுதுகிற பழக்கம் மட்டும்தான் குறை. நாளுக்கு நாலு கணக்குக்கு மேல் கொடுக்காதீர்கள்.

பனையோலை:
தமிழில் "பாடத்தை வாசித்து வாய்ஸ் அனுப்பு" என்றால் வருவது பெரும்பாலும் மனப்பாடம். புத்தகத்தைப் பார்க்காமலே ராகத்தோடு ஒப்பித்துவிடுவார்கள். கடைசி வரியிலிருந்து மேலே மேலே வாசிக்கச் சொல்லுங்கள். அரும்பு நிலையில் (எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் படி, அடுத்தவை மொட்டு, மலர்) இருப்பவர்கள் அங்கே உடனே தடுமாறுவார்கள். மொட்டு, மலர் நிலைப் பிள்ளைகளுக்கு அதே பாடத்துச் சொற்களை வைத்து நீங்களே மூன்று புது வாக்கியம் கையால் எழுதி ஃபோட்டோ அனுப்பலாம். கையெழுத்துதான் நல்லது. டைப் செய்ததை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை ஃபோன் திரையில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் சுழி எண்ணித் திணறும்.

சொல்வதை எழுதுதலை வெறும் சொல்லாகக் கொடுக்கவே கூடாது. ஃபோன் ஸ்பீக்கரில் வலி, வழி எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். "பல் வலி", "ஊருக்குப் போகிற வழி" என்று தொடராகச் சொல்லி, எழுத வேண்டிய சொல்லை இரண்டு தரம் சொல்லுங்கள். ஐந்து சொல் போதும்.

ஆங்கிலத்துக்கு ஒன்று மட்டும். வரிக்குக் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். 'பிக்' என்று எழுதிவிட்டால் அது பெரியதா, பன்றியா? பிள்ளைக்கு அந்த இரண்டு ஒலியும் ஒன்றாகவே படிந்துவிடும். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொன்னால் ஒன்றில் அதிர்வு முன்னதாகவே தொடங்குவது தெரியும்.

மேசைவிளக்கு:
பதில்களைக் குழுவில் வாங்காதீர்கள். முதலில் வருகிற விடையை மற்ற 12 வீடும் பார்த்து எழுதும். குழுவில் அட்மின் மட்டும் அனுப்பும்படி செட்டிங்கை மாற்றிவிட்டு, நோட்டு ஃபோட்டோவைத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். பக்க மூலையில் வகுப்பும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். அக்கா தம்பி இருவர் நோட்டும் ஒரே எண்ணிலிருந்து வரும். ஃப்ளாஷ் போட்டால் பென்சில் எழுத்து வெளுத்துவிடும். ட்யூப் லைட் எதிரே இருக்கும்படி உட்கார்ந்து எடுத்தால் ஃபோன் நிழல் நோட்டில் விழாது.

எழுத்து வடிவத்தைக் காட்ட வீடியோ வேண்டுமென்றால், ஒரே உயரத்தில் இரண்டு அடுக்குப் புத்தகம், நடுவில் ஃபோனைப் பாலம் மாதிரி படுக்க வைத்து, கேமராவைக் கீழே பார்க்க வையுங்கள். ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிடுங்கள். ஃபோன் படுத்திருந்தால் எது மேல் எது கீழ் என்று அதற்குத் தெரியாது, எழுத்து தலைகீழாகப் போகும்.

பட்டன் ஃபோன் வீடுகள் ஆறையும் ஒரே அழைப்பில் இழுக்காதீர்கள். மூன்று மூன்றாகக் கான்ஃபரன்ஸ், பத்துப் பத்து நிமிடம். தகரக் கூரை வீடு இருந்தால் மழை விட்ட நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் உங்கள் குரலுக்கு மேல் கூரைச் சத்தம்தான்.

ஈராசிரியர்பள்ளி:
53 − 27 இன்றே கொடுக்கிறேன். ஃபோனே இல்லாத மூன்று பேருக்கும், சூழ்நிலையியலுக்கும் யாராவது சொல்லுங்கள். நிழல் அளக்கிற செயல்பாடு வைத்திருந்தேன், வெயிலையே காணோம்.

பனையோலை:
விடுமுறை அறிவிப்பு முதல் நாள் இரவோ அன்று காலையோதான் வரும், அதற்குப் பிறகு எதுவும் தயாரிக்க முடியாது. ஐப்பசி பிறக்கும் முன்பே ஐந்து நாள் தாளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு 22 பேர் பையிலும் வைத்துவிடுங்கள். அந்த மூவரின் தாளில் மட்டும் செய்யும் முறையை இரண்டு வரியில் எழுதி, ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

கணக்குப்பெட்டி:
மழையையே அளக்கச் சொல்லுங்கள். பக்கம் நேராக இருக்கிற ஒரு லிட்டர் பாட்டில், வளைவு தொடங்கும் இடத்தில் பெரியவர்கள் வெட்டித் தர வேண்டும். மேல் பாகத்தை மூடியைக் கழற்றிவிட்டுப் புனல் மாதிரி கவிழ்த்து உள்ளே வைக்கலாம். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேர்ப்பக்கம் தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே கோடு போடுங்கள். அதுதான் பூஜ்ஜியம். கூரைத் தண்ணீர் சொட்டாத, மரத்தடி அல்லாத திறந்த இடமாக இருக்க வேண்டும். கல் இருப்பதால் காற்றிலும் சாயாது.

தினமும் காலை 8.30-க்கு அளக்கட்டும். வானிலை ஆய்வு மையம் கணக்கெடுக்கும் நேரமும் அதுதான், செய்தியில் சொல்கிற செ.மீ. அளவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்கேலில் ஒரு தப்பு கட்டாயம் வரும்: பூஜ்ஜியக் கோடு ஸ்கேலின் ஓரத்தில் இருக்காது, சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும். பிள்ளைகள் ஓரத்தை வைத்தே அளப்பார்கள். பூஜ்ஜியக் கோடு பாட்டில் கோட்டில் நிற்க வேண்டும் என்று முதல் நாள் வாய்ஸிலேயே சொல்லிவிடுங்கள். அளந்ததும் கோடு வரை மட்டும் தண்ணீரை விட்டுவிட்டு மீதியைக் கொட்ட வேண்டும். இடி மின்னல் இருந்தால் வெளியே போகக் கூடாது, அன்றைய அளவை மறுநாளோடு சேர்த்து எழுதிக்கொள்ளலாம். ஐந்து நாள் அளவு கிடைத்ததும் எந்த நாள் எவ்வளவு கூடுதல் என்று கேட்டால் அன்றைய கழித்தல் கணக்கும் அதிலேயே வந்துவிடும்.